லாரிக் கையும் பஸ் கையும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் காப்பிக்காக உட்கார்ந்திருந்தேன். எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளிக் குடியிருக்கும் பையன் வாசலில் வந்து நின்றான். வயது இருபத்துநாலு. மாட்டுத்தாவணி காய்கறி மார்க்கெட்டிலிருந்து குட்டியானையில் லோடு அடிக்கிறான். நல்ல பையன். விடிகாலை மூன்று மணிக்கு வண்டியை எடுத்தாலும் தெருவுக்குள் ஹாரன் அடிக்க மாட்டான். அதற்காகவே எனக்கு அவனைப் பிடிக்கும்.

"பெரியப்பா, ஹெவி போடலாம்னு இருக்கேன். உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடலாம்னு வந்தேன்" என்றான்.

"நல்லதுதானப்பா. கவர்மெண்ட் பஸ்ஸுக்கு எழுதிப் போடப் போறியா?"

"அது அப்புறம் பெரியப்பா. தெரிஞ்ச டூரிஸ்ட் பஸ்காரர் ஒருத்தர் இருக்காரு. லைசென்ஸ் கையில வந்துட்டா கார்த்திகை பொறந்ததும் சபரிமலை டிரிப்புக்கு வந்துருன்னு சொல்லியிருக்காரு. டிரைவிங் ஸ்கூல்ல கேட்டேன். மூணு நாள் கிரவுண்டுக்கு வந்து கையைப் பழக்குனாப் போதும், மத்ததை நாங்க பார்த்துக்கிறோம்னுட்டாங்க."

காப்பி வந்தது. எனக்குத்தான் இறங்கவில்லை.

முப்பது வருஷம் அரசு பஸ் ஓட்டி 2013-ல் ஓய்வு பெற்றவன் நான். அதற்கு முன்னால் லாரியில் கிளீனராகவும் டிரைவராகவும் இருந்தவன். இன்னொருவன் இந்தத் தொழிலுக்கு வருகிறான் என்றால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவன் சொன்ன கணக்கைப் பாருங்கள். ஆவணியில் குட்டியானை, கார்த்திகையில் ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு குமுளி மலைப்பாதையில் ராத்திரிப் பயணம். இடையில் மூன்று நாள் கிரவுண்டு. குட்டியானை லோடோடு சேர்த்து ஒன்றரை டன் இருக்கும். பெரிய பஸ் ஆளோடு சேர்ந்தால் பதினாறு டன்னைத் தொடும்.

இதில் மூன்று நாள் என்பதைத் தவிர மற்றதெல்லாம் சட்டப்படி சரி என்பதுதான் என்னை உறுத்தியது. அதைப் பற்றித்தான் இன்றைக்கு எழுதுகிறேன்.

முதலில் சட்டம் என்ன கேட்கிறது என்று சொல்லிவிடுகிறேன். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி, போக்குவரத்து வாகனம் ஓட்ட இருபது வயது நிறைந்திருக்க வேண்டும். லைட் வண்டிக்கான லைசென்ஸ் கையில் வாங்கி ஒரு வருஷமாவது ஆகியிருக்க வேண்டும். டாக்டர் சர்டிபிகேட் வேண்டும். பிறகு எல்.எல்.ஆர். போட வேண்டும். அது போட்டு முப்பது நாள் கழித்துத்தான் டெஸ்டுக்குப் போக முடியும். டிரைவிங் ஸ்கூலில் பயிற்சி எடுத்ததற்கு ஒரு சான்றிதழ் வேண்டும். அந்தப் பயிற்சி முப்பது நாள், அதில் ஸ்டியரிங்கைப் பிடித்து ஓட்டுகிற நேரம் மட்டும் பதினைந்து மணி நேரத்துக்குக் குறையக்கூடாது என்று மத்திய விதிகள் சொல்கின்றன. கடைசியில் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். தேறினால் லைசென்ஸில் போக்குவரத்து வாகனம் என்று ஏறிவிடும். ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொள்ளலாம்.

இந்தப் 'போக்குவரத்து வாகனம்' என்ற வார்த்தையில்தான் விஷயம் இருக்கிறது. சட்டம் 1989 ஜூலையில் நடைமுறைக்கு வந்தபோது அது இப்படி இல்லை. நடுத்தரச் சரக்கு வண்டி, நடுத்தரப் பயணிகள் வண்டி, கனரகச் சரக்கு வண்டி, கனரகப் பயணிகள் வண்டி என்று நான்கு தனி வகுப்புகள் இருந்தன. ஏணிப்படி மாதிரி ஏற வேண்டும். லைட் லைசென்ஸ் ஒரு வருஷம் வைத்திருந்தால் மீடியம் போடலாம். பெரிய பஸ்ஸுக்குப் போக வேண்டுமானால் லைட் இரண்டு வருஷம் இருக்க வேண்டும், இல்லையென்றால் நடுத்தரப் பயணிகள் வண்டி லைசென்ஸ் ஒரு வருஷம் இருக்க வேண்டும். லாரிக்குப் போகிறவன் லாரி வரிசையில் ஏறுவான், பஸ்ஸுக்குப் போகிறவன் பஸ் வரிசையில் ஏறுவான்.

1994 நவம்பரில் வந்த திருத்தம் இந்த நான்கையும் எடுத்துவிட்டு ஒரே வார்த்தையை வைத்தது. அன்றிலிருந்து மூட்டை ஏற்றுகிற வண்டியும் ஆள் ஏற்றுகிற வண்டியும் லைசென்ஸுக்கு ஒன்றுதான். எளிமைப்படுத்தினார்கள். ஆபீஸில் எழுதுகிறவருக்கு எளிது. ஓட்டுகிறவனுக்கும் உள்ளே உட்கார்ந்திருக்கிறவர்களுக்கும் இரண்டும் எப்படி ஒன்றாகும்?

அந்த வித்தியாசத்தை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பட்டுத் தெரிந்துகொண்டேன்.

1983-ல் பஸ்ஸில் சேர்ந்தேன். அதற்கு முன்னால் மூன்று வருஷம் லாரி. நெல், சிமெண்டு, வெங்காயம் என்று எல்லாம் ஏற்றியிருக்கிறேன். வண்டி என் கைக்கு அடங்கும் என்ற கர்வம் இருந்தது. சேர்ந்து ரெண்டாவது மாதமோ என்னவோ, டவுன் பஸ்ஸில் கீழவாசல் தாண்டித் தெப்பக்குளம் பக்கம் போய்க்கொண்டிருக்கிறேன். முனிச்சாலையில் ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வந்தார். லாரியில் மிதிக்கிற மாதிரியே பிரேக்கை மிதித்தேன். வண்டி அவருக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. ஆளைக் காப்பாற்றிவிட்டோம் என்று மூச்சு விட்டபடி திரும்பிப் பார்க்கிறேன், பஸ்ஸுக்குள்ளே சத்தம்.

அடுத்த ஸ்டாப்பில் இறங்குவதற்காகப் பூக்கூடையோடு எழுந்து நின்ற ஒரு பாட்டி முன்னால் போய் விழுந்திருந்தார். சீட்டுக் கம்பியில் கை மாட்டி மணிக்கட்டு உடைந்துபோயிற்று. பஸ் பூராவும் மல்லிகைப்பூ. ஜனங்கள் அதை மிதிக்காமல் ஒதுங்கி நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. அதே பஸ்ஸிலேயே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அந்தப் பாட்டி புகார் எழுதிக் கொடுக்கவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. "பார்த்து ஓட்டுப்பா, உள்ளே ஆள் இருக்கோம்ல" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் அவரால் பூக் கட்டியிருக்க முடியாது. கை இருந்தால்தானே அவருக்குச் சோறு? அன்றைக்கு எனக்கு அது தோன்றவில்லை. குற்றம் சைக்கிள்காரருடையது என்றே நினைத்தேன்.

அப்போது எனக்கு மூத்த டிரைவர் ஒருவர் இருந்தார். அவரிடம் போய், "அண்ணே, நான் என்ன பண்ணட்டும், சைக்கிள் குறுக்க வந்துருச்சு" என்றேன்.

"முனிச்சாலையில என்னைக்குடா சைக்கிள் குறுக்க வராம இருந்துச்சு? வரும்னு தெரிஞ்சு முன்னாடியே காலை எடுத்திருந்தா பிரேக்கை அப்படி மிதிக்கவே வேண்டாமே. உனக்கு இன்னும் லாரிக் கை போகலை" என்றார். பிறகு, "நாளைக்கு உனக்கு லீவுதானே? என் வண்டிக்கு வா. ஓட்ட வேண்டாம். பின்னாடி படிக்கட்டுகிட்ட நில்லு. கம்பியைப் பிடிக்காத" என்றார்.

மறுநாள் அவர் வண்டியில் நாலு நடை நின்றேன். கம்பியைப் பிடிக்காமல் நிற்க முடிந்தது. அதற்கடுத்த வாரம் வேறொருவர் வண்டியில் அதே மாதிரி நின்று பார்த்தேன். ஒரே நடையில் மூன்று தடவை அடுத்தவர் தோளில் போய் மோதினேன். ரெண்டும் ஒரே மாதிரி வண்டி, ஒரே ரோடு, ஓட்டுகிற ரெண்டு பேரிடமும் ஒரே லைசென்ஸ். எனக்குப் பாடம் அங்கேதான் கிடைத்தது.

மூட்டை விழாது, விழுந்தாலும் அழாது. மனுஷன் அப்படி இல்லை. லாரியில் லோடைக் கயிறு போட்டுக் கட்டிவிடுகிறோம். பஸ்ஸில் லோடு நடக்கிறது, எழுந்து நிற்கிறது, படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு பேரன் வந்துவிட்டானா என்று திரும்பிப் பார்க்கிறது. லாரியைக் கிளப்பும்போது டிரைவர் முன்னால் பார்த்தால் போதும். பஸ்ஸைக் கிளப்பும்போது ரெண்டு விசில் கேட்ட பிறகும் கண்ணாடியில் பின்படியைப் பார்க்க வேண்டும். ஏறினவர் உட்கார்ந்துவிட்டாரா, கம்பியையாவது பிடித்துவிட்டாரா என்று பார்த்துத்தான் கிளட்சை விட வேண்டும். வளைவில் லாரிக்காரன் லோடு சாயாமல் இருக்கிறதா என்று பார்ப்பான். பஸ்காரன் நிற்கிறவர்கள் கால் மாற்றி ஊன்ற நேரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்று வால். பஸ்ஸின் பின் சக்கரத்துக்குப் பின்னால் பத்தடி உடம்பு இருக்கிறது. வண்டி இடது பக்கம் ஒடித்துத் திரும்பும்போது அந்த வால் வலது பக்கம் வீசும். தெப்பக்குளம் மூலையில் திரும்பும்போது பக்கத்தில் ஒட்டி நிற்கிற டூவீலர்காரருக்கு இது தெரியாது, டிரைவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். குட்டியானைக்கு வாலே கிடையாது. அதை ஓட்டிப் பழகினவனுக்கு அந்தப் பத்தடி நினைவுக்கு வரவே பல நாள் ஆகும். கிரவுண்டில் நாலு கம்பு நட்டுச் சுற்றிவந்தால் அது தெரியாது. டெஸ்டுக்கு நிற்கிற பஸ் காலி பஸ். ஏர் பிரேக் காலி வண்டியில் பேசுகிற பாஷை வேறு, எழுபது பேர் ஏறின வண்டியில் பேசுகிற பாஷை வேறு.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். இந்தக் கேள்வியை என்னிடம் பலரும் கேட்டிருக்கிறார்கள். "லைட் லைசென்ஸ் வைத்திருந்தாலே வாடகை வண்டி ஓட்டலாம் என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டதே, பிறகு எதற்கு ஹெவி?" என்கிறார்கள். பாதிதான் சரி. 2017-ல் மூன்று நீதிபதிகள் அமர்வு அப்படிச் சொன்னது. அதை ஒட்டி 2018-ல் டாக்சி, ஆட்டோ, சின்னச் சரக்கு வண்டிகளுக்குத் தனி எண்டார்ஸ்மென்ட் தேவையில்லை என்று மத்திய அரசும் அறிவித்தது. இன்சூரன்ஸ் கம்பெனிகள் விடாமல் வாதாட, 2024 நவம்பர் 6-ஆம் தேதி ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வும் அதையே உறுதி செய்தது. ஆனால் அது 7,500 கிலோ வரைக்கும்தான். அதற்கு மேல் எடையுள்ள வண்டிக்குப் போக்குவரத்து வாகன லைசென்ஸ் கண்டிப்பாக வேண்டும். அது இல்லாமல் பெரிய பஸ்ஸைத் தொட்டு ஏதாவது நடந்துவிட்டால், நஷ்டஈட்டுப் பணம் கடைசியில் வண்டி முதலாளி தலையில் வந்து விடியும்.

லைட் லைசென்ஸ்காரர்கள் ஓட்டுவதால் விபத்து கூடியது என்பதற்கு யாரும் கணக்கு காட்டவில்லை என்றும் அந்தத் தீர்ப்பு சொல்கிறது. அதை நான் மறுக்கவில்லை. வேன் ஓட்டுகிற பிள்ளைகள் வயிற்றில் அடிப்பதற்காக நான் இதை எழுதவில்லை. வேனில் எல்லோரும் உட்கார்ந்துதான் போகிறார்கள். என் கவலை அந்த 7,500 கிலோவுக்கு மேலே இருப்பதைப் பற்றி. கோடு தாண்டிய பிறகு எட்டு டன் லாரியும் பதினாறு டன் பஸ்ஸும் ஒரே லைசென்ஸ் என்றால், எடையை அளந்தோமே தவிர உள்ளே இருப்பது என்ன என்று பார்க்கவில்லை என்றுதானே அர்த்தம்?

மற்ற ஊர்களில் பார்த்திருக்கிறார்கள். நம் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் சிங்கப்பூரில் இருக்கிறார்கள், கேட்டுப் பாருங்கள். அங்கே லாரிக்கு ஒரு வகுப்பு, பஸ்ஸுக்கு இன்னொரு வகுப்பு. அது போக, பயணிகளை ஏற்றுவதற்கு நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் தொழில் உரிமம் தனியாக வாங்க வேண்டும். பிரிட்டனில் பதினாறு பயணிகள் வரைக்கும் ஒரு வகுப்பு, பெரிய பஸ்ஸுக்கு வேறு, லாரிக்கு வேறு. கடல் தாண்டினால் இலங்கை. அங்கேயும் சின்ன பஸ், பெரிய பஸ், லாரி மூன்றும் லைசென்ஸில் தனித்தனி. நமக்கும் இருந்தது. ஐந்து வருஷம் வைத்திருந்துவிட்டு நாமேதான் எடுத்தோம்.

நம் அரசுக்கு இது தெரியாது என்றும் சொல்ல முடியாது. 2021 ஜூலையில் இருந்து அங்கீகாரம் பெற்ற பயிற்சி மையங்கள் என்று ஒரு புது ஏற்பாடு வந்திருக்கிறது. அங்கே மீடியம், ஹெவி வண்டிகளுக்கு ஆறு வாரத்தில் 38 மணி நேரப் பயிற்சி, வகுப்பும் சேர்த்து. அங்கே தேறினால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் தனியாக டெஸ்ட் கிடையாது. பழைய பதினைந்து மணி நேரத்துக்கு இது எவ்வளவோ மேல். பழைய விதிகளின் பாடத்திட்டத்திலேயே முதலுதவி உண்டு, தீ விபத்து உண்டு, பொதுமக்களிடம் எப்படி நடந்துகொள்வது என்று ஒரு பகுதியும் உண்டு. எழுதி வைத்தவர்கள் நன்றாகத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். மூன்று நாள் கிரவுண்டுக்கு வந்தால் போதும் என்று சொல்கிற இடத்தில் அந்தப் பக்கம் திறக்கப்படுவதே இல்லை. எல்லா டிரைவிங் ஸ்கூலும் அப்படி என்று சொல்ல மாட்டேன். ஆனால் பையன் முதலில் போய்க் கேட்ட இடத்திலேயே அப்படிச் சொன்னார்கள் என்றால், அது அதிசயமான விஷயம் இல்லை என்று புரிகிறது.

நான் இதைச் சொன்னால் சில பேர் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு.

"ஏற்கெனவே டிரைவர் பஞ்சம், நீங்கள் இன்னும் கெடுபிடி செய்யச் சொல்கிறீர்களா?" என்பார்கள். பஞ்சம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கற்றுக்கொடுக்காமல் ஏற்றிவிட்டால் பஞ்சம் தீராது. சேர்ந்த முதல் வருஷத்திலேயே ஒரு விபத்தைப் பார்த்துவிட்டு ஸ்டியரிங்கைத் தொடவே பயந்து தொழிலை விட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும்.

"ஏழைப் பிள்ளைகள் மாசக்கணக்கில் பயிற்சிக்குப் போனால் வீட்டில் உலை எரியுமா?" என்பார்கள். இதுதான் கனமான கேள்வி. நானும் அந்த வீட்டிலிருந்து வந்தவன்தான். கிளீனராக இருந்த காலத்தில் எனக்குப் படியும் சாப்பாடும் கிடைத்தது, கூடவே தொழிலும் கிடைத்தது. இன்று அந்தக் கிளீனர் படிக்கட்டே இல்லை. பெரும்பாலும் டிரைவர் மட்டும்தான். அதனால் பயிற்சிக்காலத்தில் கொஞ்சம் உதவித்தொகை கொடுத்தாக வேண்டும். அதைச் செலவு என்று யாராவது சொன்னால், ஒரு பஸ் கவிழ்ந்தால் ஆகும் செலவைப் பக்கத்தில் எழுதிப் பார்க்கச் சொல்வேன்.

"படிப்பைக் கூட்டிவிடலாமே" என்பார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. எட்டாம் வகுப்பு தேறியிருந்தால்தான் போக்குவரத்து வாகன லைசென்ஸ் என்று இருந்ததை 2019-ல் எடுத்தார்கள். சரியான காரியம். எனக்குத் தெரிந்த மிக நல்ல டிரைவர்களில் ஒருவருக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். உடம்பு பலமும் பெரிய விஷயம் இல்லை. குமரி மாவட்டத்து வசந்தகுமாரி அம்மா 1993-ல் அரசு பஸ் டிரைவராகச் சேர்ந்தார். பவர் ஸ்டியரிங் எல்லாம் பரவாத காலம். பொம்பளை கையால் அந்த ஸ்டியரிங்கை ஒடிக்க முடியுமா என்று பேசினவர்கள் எங்கள் டீக்கடையிலும் உண்டு. அவர் ஓய்வு பெறும் வரைக்கும் ஓட்டிக் காட்டினார். பஸ் ஓட்டுவதற்குப் படிப்பையும் பலத்தையும் விட, பின்னால் ஆள் இருக்கிறது என்ற நினைப்புதான் முக்கியம். அந்த நினைப்பு பழக்கத்தில்தான் வரும்.

இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. 2025-ல் அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் ஓட்டுநர்-நடத்துநர் வேலைக்கு ஆள் எடுக்க அறிவித்தபோது, ஹெவி லைசென்ஸ் மட்டும் போதாது, பதினெட்டு மாத அனுபவமும் வேண்டும் என்று கேட்டன. கேட்டது நியாயம். ஆனால் அந்தப் பதினெட்டு மாதத்தை ஒரு பையன் எங்கே போய்ச் சேர்ப்பான்? ஒன்று, லாரி. அதில் லாரிக் கை வரும். இல்லையென்றால் டூரிஸ்ட் பஸ். அதாவது அரசு பஸ்ஸில் ஏறுகிறவர்களுக்குப் பழகின டிரைவர் வேண்டும், அவன் பழகுவது மட்டும் வேளாங்கண்ணிக்கும் சபரிமலைக்கும் போகிற பக்தர்களை வைத்து. பழகுகிற காலத்துக்கு யாரும் பொறுப்பு இல்லை.

என் யோசனை மூன்று.

முதலாவது, பயணிகள் வண்டிக்குத் தனி வகுப்பு திரும்ப வரவேண்டும். சின்ன பஸ்ஸில் ஒரு வருஷம் ஓட்டிவிட்டுப் பெரிய பஸ்ஸுக்கு வரட்டும்.

இரண்டாவது, பயிற்சி மணி நேரத்தில் பாதியாவது உண்மையான ரோட்டில், அனுபவமுள்ள டிரைவர் பக்கத்தில் இருக்க, லோடு ஏற்றின பஸ்ஸில் நடக்க வேண்டும். ஆளுக்குப் பதிலாக மணல் மூட்டை வைத்தாலும் சரி. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை என்பார்கள். மதுரையில் மட்டும் என்னைப் போல ஓய்வு பெற்ற டிரைவர்கள் எத்தனை பேர் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள்! கூப்பிட்டால் வருவோம். டெஸ்ட் அன்றைக்கு பிரேக் இன்ஸ்பெக்டர் டிரைவர் பக்கத்தில் உட்கார வேண்டாம். பஸ்ஸுக்குள் கம்பியைப் பிடிக்காமல் நிற்கட்டும். அவர் விழாமல் நின்றால் பையன் பாஸ். இதைச் சொன்னால் என் மனைவி சிரிக்கிறாள். ஆனால் இதைவிட நல்ல டெஸ்ட் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது, லைசென்ஸ் வாங்கின முதல் வருஷம் ராத்திரி மலைப்பாதைக்குத் தனி ஆளாக அனுப்பக் கூடாது. கூடப் பழகின டிரைவர் ஒருவர் இருந்தாக வேண்டும். இதற்குச் சட்டம் வரும் வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. பஸ்ஸை வாடகைக்குப் பேசுகிற நாமே, "டிரைவருக்குப் பெரிய வண்டியில் எத்தனை வருஷ அனுபவம்?" என்று கேட்கலாம். ஏ.சி. உண்டா, டி.வி. உண்டா என்று கேட்கிறோம், இதைக் கேட்பதில்லை.

இதையெல்லாம் நம் வயதுக்காரர்களுக்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன். பஸ்ஸில் விழுகிறவர்கள் நாம்தான். இளவட்டம் தாங்கிக்கொள்ளும். 2021-ல் இருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றானதும், வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த எத்தனையோ அம்மாக்கள் மாட்டுத்தாவணிக்கும் பெரியாஸ்பத்திரிக்கும் தாங்களாகவே போய் வருகிறார்கள். ரொம்ப நல்ல விஷயம். அதில் பாதிப் பேர் நின்றுகொண்டு போகிறார்கள். அவர்கள் எலும்பு டிரைவரின் வலது காலில் இருக்கிறது.

பையனிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. சொன்னால் ஓடிவிடுவான். "ஹெவி போடு. கட்டாயம் போடு. ஆனா முப்பது நாளும் போ. பதினஞ்சு மணி நேரம் ஓட்ட விடலைன்னா பணத்தைத் திருப்பிக் கேளு. அதுக்கு முன்னாடி நாளைக்கு லோடு முடிச்சுட்டு, இங்கிட்டிருந்து பெரியார் வரைக்கும் டவுன் பஸ்ல போயிட்டு வா. உட்காராத. பின்படிகிட்ட நில்லு, கம்பியைப் பிடிக்காத" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனான்.

ரெண்டு நாள் கழித்து ராத்திரி வந்தான். இடது தோளைத் தடவிக்கொண்டே திண்ணையில் உட்கார்ந்தான்.

"போகும்போது ஒண்ணும் தெரியலை பெரியப்பா. அந்த அண்ணன் நல்லா ஓட்டுனாரு. வரும்போது வேற வண்டி. கோரிப்பாளையத்துல பிரேக் போட்டாரு பாருங்க, ஒரு அம்மா மேல போய் விழுந்துட்டேன். பேச்சு வாங்குனேன்."

"அந்த அம்மாவுக்கு ஒண்ணும் ஆகலையே?"

"இல்லை பெரியப்பா. உட்கார்ந்துதான் இருந்தாங்க." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "சபரிமலை டிரிப்புக்கு இந்த வருஷம் செகண்ட் டிரைவரா வர்றேன்னு அந்த முதலாளிகிட்ட சொல்லியிருக்கேன். சம்பளம் பாதிதான் தருவாராம்" என்றான்.

பாதிச் சம்பளம் அவனுக்குச் சின்னத் தொகை இல்லை. தங்கச்சி காலேஜில் படிக்கிறது. அந்தக் கணக்கை அவனே போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறான். எல்.எல்.ஆர். போட்டாகிவிட்டது. முப்பது நாள் முடிய இன்னும் பதினெட்டு நாள் இருக்கிறது. தினமும் சாயங்காலம் கிரவுண்டுக்குப் போகிறான். ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் போய் ஓரமாக நின்று பார்க்கிறேன்.